சூளையில் வேகாத உமரி

சூளையில் மூன்று நாள் வெந்து வெளியே வந்த பீங்கான் யானையின் முதுகில் முளைத்திருந்த உமரிச்செடி, உள்ளே போனபோது இருந்ததைவிட இரண்டு கணு கூடுதலாக வளர்ந்திருந்தது. விருத்தாசலத்தில் அந்தச் செடியை யாரும் பார்த்ததில்லை. பொம்மையை வார்த்த அமுதவள்ளிக்கு மட்டும் தெரியும், கிள்ளை உப்பங்கழி ஓரத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். இலை என்று தட்டையாக ஒன்றும் கிடையாது. பாசிமணி கோத்தாற்போலக் கணுக்கணுவாகத் தடித்த பச்சைத் தண்டு, நுனியில் மட்டும் வெற்றிலை போட்ட சிவப்பு, நசுக்கினால் உப்புத்தண்ணீர்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மை காய்ந்ததா என்று இங்கே நாக்கை வைத்துத்தான் பார்ப்பார்கள். நாக்கு ஒட்டினால் காய்ந்தது. சூளையில் வைக்க அடுத்த அடுக்குக்கு அமுதவள்ளி கொண்டுவந்த பொம்மைகள் நாக்கில் ஒட்டியதோடு கரிக்கவும் செய்தன. பொதுச்சூளையைப் பார்த்துக்கொண்ட குருமூர்த்திக்கு அது போதும். கடற்கரை மண்ணைக் கலந்துவிட்டாள், உப்பு ஆவியாகி ஊரார் சரக்கின் மெருகைக் கெடுக்கும் என்று முடிவுகட்டினார்.

“இனிமே ஒன் சரக்கு உள்ள போவாது. இது எல்லாருக்கும் பொதுச் சூளை.”

“நீங்க குடுத்த மண்ணுதாங்க. ஒரு தடவ எல்லார் சரக்கோடயும் சேத்து வைங்க. கெட்டுப்போச்சுன்னா நானே பட்டறைய மூடிட்டுப் போயிடறேன்.”

புருஷன் போய் ஒன்பது வருடம். பட்டறையும் போனால், இருபத்திரண்டு வருடமாகத் தன்னைக் ‘கடக்கரைக்காரி’ என்றே கூப்பிடும் ஊரில் அவளுக்கு வேறு பிடிப்பு இல்லை. ஆனாலும் அவள் பயப்படவில்லை. உப்பிலும் வெயிலிலும் கிடந்து தழைக்கிற செடியை அவள் சிறுவயதிலிருந்து பார்த்தவள்.

அந்த ஒரு தடவைக்குக் குருமூர்த்தி ஒத்துக்கொண்டார். சூளையைத் திறந்தபோது ஒருவர் சரக்கும் கெடவில்லை. மெருகு முன்னைவிடப் பளபளத்தது. ஃப்யூஸ் கட்டை, அகல், ஊறுகாய் ஜாடி என்று எல்லாவற்றிலும் உமரி முளைத்திருந்தது. குருமூர்த்தி ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டார், பிறகு இன்னொன்று. அடுத்த அடுக்குப் பட்டியலில் அவள் பெயரை முதலில் எழுதினார்.

மூன்று வருடம் ஆகிறது. வேப்பூர் எலக்ட்ரீஷியன்கள் உமரியைக் கிள்ளிவிட்டுத்தான் ஃப்யூஸ் கம்பி மாட்டுகிறார்கள். கிள்ளியது வீட்டுக்குப் போய்ப் பருப்போடு கடைபடுகிறது, உப்பு போடுவதில்லை. போன வாரம் பொம்மை வாங்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தவர் இது என்ன செடி என்று கேட்டார்.

“உமரிங்க. எங்க ஊரு செடி,” என்றார் குருமூர்த்தி.

பக்கத்தில் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்த அமுதவள்ளி அவரைத் திருத்தவில்லை. சந்தோஷத்தில், அச்சு நிரம்பியது தெரியாமல் கொஞ்சம் வழியவிட்டாள்.