வௌவால்களை உட்கார வைத்தல்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாங்கி வந்த முட்டை ரொட்டியைப் பிரிக்காமலே யி-ஜுன் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான். மனைவி ஷியாங்-வென்னின் கணினி. இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. கடவுச்சொல் அவனுக்குத் தெரியாது. ஒருமுறை வெளியேறினால் திரும்ப நுழைய வழியில்லை. அவள் இறந்த மார்ச் மாதத்திலிருந்து அவன் அந்தக் கணினியை அணைக்கவே இல்லை.

கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு பாலூட்டியின் பக்கத்துக்கும் அடியில் ஒரு பெட்டி உண்டு. அந்த விலங்கின் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் இனங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அதன் பக்கத்துக்குப் போகலாம். அற்றுப்போனவற்றுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பெட்டிகளை ஒழுங்குபடுத்துவதுதான் ஷியாங்-வென்னின் மாலைநேர வேலை. அகழெலி, மூஞ்சூறு, அணில் என்று குடும்பம் குடும்பமாக முடித்துக்கொண்டு வந்தவள், குதிரைலாட வௌவால்களில் பாதியில் மருத்துவமனைக்குப் போனாள். மீதியை அவன் எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. மாலையில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

தைச்சுங் நகரில் குடும்பப் பதிவு அலுவலகத்தில் அவனுக்கு வேலை. அங்கே பெயர்களை, அவற்றை எழுதும் சீன எழுத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணித்தான் அடுக்குவார்கள். கோடு குறைந்தது முன்னால், கூடினது பின்னால். யோசிக்காமல் வௌவால்களையும் அப்படியே அடுக்கி நேற்றுச் சேமித்திருந்தான்.

மேசைமேல் ஷியாங்-வென்னின் கைபேசி அடித்தது. யோ-டிங். சாங்ஹுவாவில் மருந்துக்கடை வைத்திருப்பவள், கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருத்தி. இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தான்.

"அக்கா! என்னக்கா இது, வௌவாலையெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி கோடு எண்ணி நிக்க வச்சிருக்கீங்க? ஜுரமா?"

"நான் அவ வீட்டுக்காரன்."

"அட, அத்தானா! அக்காகிட்ட குடுங்க, திட்டணும். கோடு எண்ணி அடுக்கக்கூடாதுன்னு மாசக்கணக்கா எங்க எல்லாரோடயும் சண்ட போட்டு ஜெயிச்சவங்க அவங்க. கல்யாண விருந்துல கூடப்பொறந்தவங்கள ஒரே மேஜைல உக்கார வைக்கிற மாதிரி, ரத்தம் நெருங்கினதப் பக்கத்துல வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

அவனுக்கு இது தெரியாது. பக்கத்து அறையில் அவன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மாலைகளில் அவள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள்.

"அடுக்கினது நான்தான்," என்றான். "அவ மார்ச்ல போயிட்டா."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "கொஞ்சம் நில்லுங்க" என்று அவளுடைய குரல்.

"ஏன் அத்தான் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"இப்படித்தான் இருப்பீங்களா நீங்க?" மூக்கை உறிஞ்சினாள். "ஒரு கணக்கு ஒரே ஆளுக்குத்தான். தெரியுமில்ல? ஆள் போயிட்டா பூட்டணும். நான்தான் பூட்டணும்."

"பூட்டிட்டா அவ பேர் வர்றது நின்னுடும்." சொன்ன பிறகுதான் தன் குரல் அவனுக்குக் கேட்டது. "நான் திருத்தத் திருத்த, தினமும் எங்கயாச்சும் ஒரு இடத்துல வந்துட்டிருக்கு."

"நின்னுடும்தான். ஆனா இப்படியே விட்டா, இந்தக் கண்றாவி வரிசையும் அவங்க பேர்லயே நிக்கும். அக்கா பாத்திருந்தா உங்கள வீட்ட விட்டே தொரத்தியிருப்பாங்க."

யி-ஜுனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

"நானே மாத்திடவா?" என்று கேட்டாள்.

"வேணாம். யாரை எங்க உக்கார வைக்கணும்னு மட்டும் சொல்லு."

"சொல்றேன். ஆனா அவங்க பேர்ல இல்ல. உங்க பேர்ல செய்யுங்க."

திரையின் மூலையில் 'வெளியேறு' என்றிருந்தது. அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தான். உறுதிதானா என்று அது கேட்கும் என்று நினைத்தான். கேட்கவில்லை. அழுத்தியதும் அவள் பெயர் இருந்த இடத்தில் 'உள்நுழை' என்று வந்தது.

புதுக் கணக்கு தொடங்கினான். யோ-டிங் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நகர்த்தினான். "அங்க இல்ல அத்தான், அது சித்தப்பா வீட்டுப் பிள்ளை. அந்த மேஜைக்கு அனுப்புங்க."

சேமித்துவிட்டு, யார் யார் திருத்தினார்கள் என்று புதியது மேலாகக் காட்டும் பக்க வரலாற்றைத் திறந்தான். அவனைப் பற்றிய பக்கம் எதுவும் அங்கே இல்லாததால் அவன் பெயர் சிவப்பில் இருந்தது. அதற்கு நேர்கீழே நீலத்தில் அவள் பெயர். அதற்குக் கீழும் அவள் பெயர். திரை முடிகிற இடம்வரை நீலமாகவே போயிற்று.