நெஞ்சைத் திறந்து தைத்தவர்களுக்கு ஒரு பக்கம்

1

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவே இல்லை. என்னிடம் கேட்டது ஒரு துண்டுப்பிரசுரம். கேட்டவர் கிளினிக் தாதி றிஷானா.

"சேர், நீங்க எழுத்தாளர் எண்டு சொல்றாங்க. நெஞ்சு ஒப்பரேசன் செய்தாக்கள் தெரிஞ்சிருக்க வேண்டியதை ஒரு பக்கத்தில எழுதித் தாங்களன். சனத்துக்கு விளங்குற தமிழில."

கடைசி வசனத்தை அழுத்திச் சொன்னார். என் புத்தகம் ஏதோ ஒன்று அவர் கையில் அகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: 'திருகோணமலைத் துறைமுகத்தின் நீலம், மனித இதயத்தின் ஆழத்தை —'

சீ. கால் வீங்கிப்போய் இருக்கிறவனுக்கு நீலம் என்னத்துக்கு?

2

அலியார் என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கினேன். கிண்ணியாவில் லொறி ஓட்டுகிறவன், அஞ்சாநெஞ்சன். 'வெட்டுங்க டொக்டர் என்று சிரித்தபடியே படுத்தான்' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி றஹ்மா எட்டிப் பார்த்தாள்.

"இது ஆரு?"

"கற்பனை."

"கற்பனைதான். தியேட்டருக்குள்ள போக முன்னம் என்ட கையை விடாம அழுதது ஆராம்? அதை எழுதுங்க."

சரி, ஒத்துக்கொள்கிறேன். அலியார் நான்தான். வேறொருவனுக்கு நடந்ததாக எழுதினால் வலி குறையும் என்று பார்த்தேன். இருமினால் அப்போதும் எனக்குத்தான் வலித்தது.

3

(றிஷானாவுக்குக் கொடுக்கக்கூடிய பகுதி இது ஒன்றுதான்.)

நெஞ்செலும்பை நடுவால் அறுத்து, வேலை முடிந்ததும் உருக்குக் கம்பியால் கட்டுவார்கள். அது பொருந்த இரண்டு மூன்று மாதம் செல்லும். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச ஏலாது.* இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். எழும்பும்போது கையை ஊன்றாதீர்கள். கதிரையில் உட்கார்ந்து தொழுங்கள். தண்ணீர் வாளி தூக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம். டொக்டர் சொன்ன அளவுக்கு நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காய்ச்சல் வந்தால், காயத்தில் நீர் கசிந்தால், நெஞ்செலும்பு 'டக்'கென்று அசைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காரணமில்லாமல் அழுகை வரும். பலருக்கும் வருகிறதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. (நான் சீமெந்து விளம்பரம் ஒன்றைப் பார்த்து அழுதேன்.)

* முப்பது வருடமாக மேடையில் முழங்கியவன் நான். அந்தச் சில மணித்தியாலங்கள் குடும்பம் நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி.

4

இத்தோடு முடித்திருக்கலாம். றிஷானா வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பெருநாள் வருது சேர். அதை எழுதேல்லையே."

"பெருநாளுக்கும் நெஞ்செலும்புக்கும் என்ன?"

"நல்ல கேள்வி! ஆம்பிளையள் தொழுதிட்டு வந்து நெஞ்சோட நெஞ்சு வெச்சு இறுக்கிக் கட்டிப் பிடிப்பீங்கதானே. போன பெருநாளைக்கு ஒருத்தர் வெட்கத்தில சொல்லாம விட்டுட்டார். கம்பி அசைஞ்சு திரும்பவும் வாட்டில. 'எனக்கு ஒப்பரேசன், கட்டிப் பிடிக்காதீங்க' எண்டு முதலே சொன்னா முடிஞ்சுது."

முடிஞ்சுதாம்!

5

இனித்தான் ஜெமீல் வருகிறான். என் தம்பி, அண்ணனான என்னை 'நானா' என்று கூப்பிடுகிறவன். மூதூரில் இருக்கிறான். எங்களுக்குள் ஒன்பது வருடமாகக் கதை பேச்சு இல்லை.

எங்களைப் பெற்ற வாப்பாவுக்கு வருத்தம் கடுமையாகி உயிர் ஊசலாடிய அன்று நான் கொழும்பில், என் புத்தக வெளியீட்டு மேடையில், கழுத்தில் மாலையோடு நின்றேன். ஜெமீல் எனக்கு அறிவிக்கவில்லை. நானாவின் விழா முடியட்டும் என்று பார்த்தானாம். வாப்பா அதுவரை இருக்கவில்லை. நான் வந்து சேர அடக்கி முடிந்திருந்தது. ஈரமண்ணைத்தான் பார்த்தேன். "எனக்குச் சொல்லாம மறைச்சவன் எனக்குத் தம்பி இல்ல" என்று வாப்பாவை அடக்கிய மையவாடியில் வைத்தே கத்தினேன்.

ஏழு கிழமைக்கு முன்னால் என் நெஞ்சை அறுக்கக் கொண்டுபோனபோது குடும்பத்துக்கு நான் போட்ட கட்டளை: ஜெமீலுக்கு மட்டும் தெரியக்கூடாது.

(இப்போது நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். றஹ்மா அதை வாயாலேயே சொல்லிவிட்டாள்.)

நேற்று அவன் றஹ்மாவுக்குப் போன் எடுத்தான். எனக்கும் கேட்டது.

"மச்சி, பெருநாளைக்கு வாறன். நானா ஏசினா ஏசட்டும். ஒருக்காக் கட்டிப் பிடிச்சாப் போதும் எனக்கு."

றஹ்மா போனைப் பொத்திக்கொண்டு, "சொல்லவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பாழாய்ப்போன வீம்பு. சொன்னால், அவன் செய்த அதே பிழையை நானும் செய்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே. அவனாவது ஒரு விழாவுக்காகச் செய்தான். நான் பழிக்குப் பழியாகச் செய்தேன்.

6

முடிவு அ: அவன் கட்டிப் பிடிக்கிறான். நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். தம்பியும் கிடைக்கிறான், கம்பியும் அசைகிறது. (இந்த நேரத்திலும் எதுகை தேடுகிற புத்தியை என்ன செய்வது?)

முடிவு ஆ: நான் பின்னால் நகர்கிறேன். நானாவின் கோபம் ஆறவில்லை என்று அவன் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறான். இன்னுமொரு ஒன்பது வருடம் எனக்கு இருக்கிறது என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை.

முடிவு இ: நான் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டி, கண்ணீர் மல்க —

தூ, நாடகம்.

7

இன்று பெருநாள். நெரிசலுக்குப் பயந்து பள்ளிக்குப் போகவில்லை. விறாந்தையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். றஹ்மா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாள்.

கேற் திறக்கிறது. ஜெமீல்தான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. நடை அப்படியே வாப்பாவின் நடை. அல்லாஹ்வே, இவனை நான் மனதுக்குள் எவ்வளவு தேடியிருக்கிறேன்! நெஞ்சு அடைக்கிறது. (அந்த அடைப்பு இல்லை, பயப்படாதீர்கள்.) எழும்பி நிற்கிறேன். "நானா" என்கிறான். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு வருகிறான்.

வாயைத் திறக்கிறேன். ஒரு சொல் வரவில்லை.

வாசகரே, முப்பது வருடமாக என் சங்கதி எல்லாவற்றையும் உங்களுக்குத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் சொன்னதில்லை. விஷயம் தெரிந்தவர்களில் இப்போது என் பக்கத்தில் நிற்பது நீங்கள் மட்டும்தான். இன்னும் நாலு எட்டுத்தான் இருக்கிறது. நீங்களாவது அவனிடம் சொல்லுங்களன்.