அத்தையின் அடைத்த மூக்கு

அத்தைக்குத் தைலம் என்றால் உயிர். அழகு நிலையத்தில் மசாஜ் செய்கிறவள் என்பதால் யூகலிப்டஸ், லாவெண்டர் என்று ஏதாவது ஒரு குட்டி பாட்டில் எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். சளிக்காலம் வந்துவிட்டால் வீட்டில் ஒரு தலையணையும் அவள் சொட்டுக்குத் தப்பாது. கேட்டால் எதிர்ப்புச் சக்தி என்பாள். அவள் சொட்டு விட்ட கைக்குட்டையோடு போனால் ஆபீஸில் ஒருத்தரும் பக்கத்தில் வருவதில்லை, ஆளே அண்டாதபோது சளி எங்கே அண்டும் என்று அவள் தம்பி கேலி செய்வான்.

இந்த முறை சளி அண்டிவிட்டது. தம்பி, தம்பி மனைவி, அத்தை, மூன்று பேருக்கும் மூக்கடைப்பு. தம்பியின் நாலு மாதக் குழந்தை மட்டும் தப்பியிருந்தது. தம்பி மனைவி அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாள். பகலில் குழந்தை அத்தையின் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. தனிக்கட்டையான அத்தைக்கு அந்தப் பொறுப்பில் தலைகால் புரியவில்லை.

குழந்தைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம் என்று தம்பி மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொன்னால் கேட்கிற ஆளா அத்தை? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, குழந்தையின் நெஞ்சில் யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள், வாசனை வரவில்லை. எண்ணெய் பழசாகிவிட்டது போல என்று இன்னும் கொஞ்சம் விட்டாள். அப்போதும் வரவில்லை. கழுத்து, மூக்கடி என்று தாராளமாகப் பூசினாள். அடைத்திருப்பது தன் மூக்கு என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவே இல்லை.

சற்று நேரத்தில் குழந்தை இருமியது. பிறகு மூச்சை இழுத்து இழுத்து விட்டது. அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாக ஈரத்துணியால் துடைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்ததாக மனைவியைத் தம்பி வறுத்தெடுத்தான். அத்தை காதில் விழாதவள் போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தன்னை நினைத்தாலே கூசியது.

குழந்தையைத் தூக்கியதுமே டாக்டரம்மா முகம் சுளித்தார். அந்த அறையில் இருந்த பெரியவர்களில் அடைபடாத மூக்கு அவருடையது ஒன்றுதான். என்ன தடவினீர்கள் என்று கேட்டார். தம்பி மனைவி அழுதுகொண்டே, காலையில் லோஷன் போட்டேன், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, எல்லாம் என் தப்பு என்றாள். பாவம், செய்யாத தப்புக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம். ஒரு கணம் அப்படி நினைக்கவும் செய்தாள், மறைப்பானேன். ஆனால் குழந்தையின் நெஞ்சு குழிவிழுந்து எழும்பிக்கொண்டிருந்தது.

“லோஷன் இல்ல டாக்டர். நான்தான். யூகலிப்டஸ் எண்ணெய். நெஞ்சுல, கழுத்துல, மூக்குகிட்ட. நிறையப் பூசிட்டேன்.”

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. குழந்தையின் உடம்பைக் கழுவினார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். இத்தனை சின்னக் குழந்தைக்கா இதைப் பூசுவீர்கள் என்று டாக்டரம்மா போட்ட போட்டில் அத்தை குறுகிப் போனாள். சாயங்காலம் மூச்சு சீரானது, பயமில்லை என்றார்கள். தம்பி மருந்து வாங்கப் போனான்.

கட்டிலருகே தம்பி மனைவி குழந்தையைப் பார்த்தபடியே இருந்தாள். அத்தை மெல்லப் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னை நாலு வார்த்தை திட்டிடும்மா. மனசு ஆறல.”

“திட்டி என்ன ஆகப்போகுது அண்ணி,” என்றாள் அவள், திரும்பாமலே. “அடுத்த வாரம் இவளை யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்.”