பச்சைப் படம்

பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்குக் கற்பூரம் ஏற்றுவதாகப் பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது. தன் விசைப்படகு அன்று கரைப்பக்கம் வரவில்லை என்று ஜம்புலிங்கம் அந்தக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. தேவேந்திரன் வலை தானாகக் கிழிந்ததாகிவிடும். அதற்குமேல் வாய் திறந்தால் ஊருக்கு அவன்தான் பொய்யன்.

யோகேஸ்வரி தன் அண்ணன் தேவேந்திரன் முகத்தைப் பார்க்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைப் படமெடுப்பது அவள் தொழில். அன்று விடியலில் சூரியனுக்காகக் காத்திருந்தவள், வலைமேல் ஏறிப்போன படகையும் எடுத்திருந்தாள். பென்டிரைவைப் பஞ்சாயத்து லேப்டாப்பில் செருகினாள். இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்றது திரை.

“இன்னாம்மா இது?” என்றார் செயலாளர் காசிநாதன்.

“ரா ஃபைல் சித்தப்பா. கேமரா புட்ச்சது அப்டியே கீது.”

“ரான்னா பச்சை. வேக வெச்சு எடுத்துனு வர்றதுதானே?”

கூடம் சிரித்தது.

“வேக வெச்சா, மசாலா சேத்துட்டேன்னு சொல்லுவீங்க.”

காசிநாதன் கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை அழித்து ஜேபிஜி என்று அடித்தார். திறக்கவில்லை.

“மத்தி கூடைல வஞ்சிரம்னு எழுதினா வஞ்சிரமாயிடுமா சித்தப்பா?”

பழைய பெயரையே போட்டாள். தன் போனிலிருந்து நெட் கொடுத்து, படம் பார்க்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினாள். படம் வந்தது. சிவந்த வானம், கரிய படகு.

“படகு நம்பர் எங்க கீது?” என்றார் காசிநாதன்.

“எந்தப் படகா வேணா இருக்கலாம் தங்கச்சி” என்றார் ஜம்புலிங்கம். தீப்பெட்டிக்குக் கை நீட்டினார்.

கேமரா கோப்பின் மேலே ஒட்டித் தரும் சின்ன முன்னோட்டப் படத்தைத்தான் அந்த மென்பொருள் காட்டுகிறது. உள்ளிருப்பதை அது தொடவே இல்லை. யோகேஸ்வரி தீப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு எறக்குறேன். அது வர்ற வரிக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்.”

“மணி ஆவுதும்மா.”

“ஆவட்டும்.”

சிக்னலுக்காகப் போனை ஜன்னலில் வைத்தாள். எண்பது சதவீதத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது. பன்னிரண்டு கடந்து நான்கு நிமிடம். யாரும் எழுந்து போகவில்லை.

படம் மறுபடி திறந்தது. நிழலை வெளிச்சமாக்கும் பொத்தானை எல்லோரும் பார்க்க மெல்ல வலப்பக்கம் இழுத்தாள். கறுப்பு சாம்பலாயிற்று. பலகை தெரிந்தது. ஆணி தெரிந்தது. பெயிண்டின் மேல் வெள்ளையாகப் பதிவு எண்ணின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

லேப்டாப்பை ஜம்புலிங்கம் பக்கம் திருப்பினாள். கற்பூரத் தட்டின் அருகே தீப்பெட்டியை வைத்தாள்.

“நீங்களே படிங்க அண்ணாத்த.”