சர்க்கரையின் மொழிபெயர்ப்பு

விறைத்துப்போயிருந்த அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் அவள் திணறிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் காலரைத் தூக்கிக் கொடுத்தான்.

"விடு. நீ தொடாதே," என்றாள் அவள்.

அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் சவரப் பெட்டி. காலையில் அவருக்கு முகம் மழித்துவிடலாம் என்று வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். வந்தபோது முகத்தையும் மூடிப் போர்த்தியிருந்தார்கள்.

"மெதுவாப் பேசுடி," என்றான் அண்ணன். "டாக்டர் சொன்னதைத்தான் நான் அம்மாகிட்ட சொன்னேன். இவங்க பாஷையில 'போறார்'னாலும் 'போவார்'னாலும் ஒரே வார்த்தைதானே? இன்னும் நாள் இருக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைப் போய் அவளிடமா சொல்வது? கோர்ட்டில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்ப்பதுதான் அவள் பிழைப்பு. அடித்தானா, அடித்துக்கொண்டிருந்தானா, அதற்கு முன்பே அடித்திருந்தானா என்று சாட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டு நீதிபதியிடம் ஏச்சு வாங்கியவள். இந்த ஊர்ப் பாஷையில் நடப்பதற்கும் நடக்கப்போவதற்கும் வினைச்சொல் ஒன்றுதான். அதனாலேயே இவர்கள் நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

"டாக்டர் 'இன்னிக்கு ராத்திரி'ன்னு சொன்னாரா இல்லையா? இப்பத்தான் வராந்தாவுல அவரையே கேட்டுட்டு வரேன்."

அவன் தரையைப் பார்த்தான். "அம்மா அழுதா என்னால பாக்க முடியாது."

"அதனால அம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டே. எனக்கும் ஒரு போன் பண்ணல. நீ போய்க் கார்ல தூங்கினே. வெட்கமா இல்ல உனக்கு?"

வீட்டில் அவனுக்குச் சர்க்கரை என்று பேர். சின்ன வயசில், ஹெட்மாஸ்டர் அவனைக் கிழி கிழியென்று கிழித்ததை, இந்த ஊர்ப் பாஷை தெரியாத அம்மாவிடம் பாராட்டாகச் சொன்னவன். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிக் கத்தியதை நலம் விசாரித்ததாக மாற்றியவன். உண்மை தெரிந்தபோதெல்லாம் அப்பாதான் முதலில் சிரிப்பார். எல்லோரும் சேர்ந்து சிரித்துச் சிரித்தே இவனைக் கெடுத்துவிட்டோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ராத்திரி நர்ஸ் உள்ளே வந்தாள். வேலை முடிந்து, கோட்டு மாட்டியிருந்தாள். கடைசிவரை தான்தான் பக்கத்தில் இருந்ததாகத் தன் பாஷையில் சொன்னாள். அவர் ஒரே வார்த்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அர்த்தம் தெரியவேண்டுமென்று மனசில் பதித்து வைத்திருந்தாளாம். நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாக அதை எடுத்து வைத்தாள்.

"வந்... துட்... டாளா?"

அம்மா நிமிர்ந்தாள்.

அண்ணனுக்குப் பழக்கதோஷம். "அது ஒண்ணுமில்லம்மா, தண்ணி கேட்டிருக்கார், அவ்வளவு..."

"எனக்குத் தமிழ் தெரியும்டா," என்றாள் அம்மா.

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "இந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லிச்சாம்?"

அவள் கேட்டாள். வந்த பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "இவளுக்குப் புரியலையாம், அம்மா. ஆமாம்னு தலையாட்டினாளாம்."

"தலையாட்டினாளா? அப்போ தேடியிருப்பாரே." அம்மாவின் குரல் உடைந்தது. "'வந்துகிட்டிருக்கா'ன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் காத்திருந்திருப்பார்."

நர்ஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன அர்த்தம் என்று மறுபடி கேட்டாள்.

"அண்ணா, நீ சொல்லு அவகிட்ட," என்றாள் அவள். "அப்பா என்ன கேட்டாருன்னு சொல்லு. அம்மா ராத்திரி ஏன் இங்க இல்லைங்கறதையும் சொல்லு. ஒரு வார்த்தை மாத்தினே, நான் இங்கயே நிக்கறேன்."

அண்ணன் நர்ஸ் பக்கம் திரும்பினான்.

அம்மா எழுந்து வந்து, பாதி நுழைத்திருந்த சட்டையை உருவி மகள் கையில் கொடுத்தாள். "இது அப்புறம்." பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, அப்பாவின் கன்னத்தில் நுரை போட ஆரம்பித்தாள்.