இருக்கைக்கு அடியில் ஓர் உறுப்பினர்

1

இந்தக் கதை முடிவெட்டும் கடையில் பிறந்தது. எனக்குப் பாதித் தலை வெட்டியாகிவிட்டது, மீதித் தலை பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சுவரில் மாட்டியிருந்த டிவியில் சட்டமன்ற நேரலை ஓடியது. எதிர்க்கட்சிக்காரர்கள் கொதித்தெழுந்து, கையை வீசி, கோஷம் போட்டு, வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். கேமரா காலி இருக்கைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெண் உறுப்பினர் மட்டும் பூனை மாதிரி உள்ளே வந்தார். தன் இருக்கைக்கு அடியில் குனிந்து, மறந்துவிட்டுப் போன கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

முடிவெட்டுபவர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கோவம் வேற, பை வேற சார்."

அந்த வாக்கியத்தைத் திருடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த நிஜப் பெண்மணிக்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கைப்பையை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஆறு மாடிக் குடியிருப்பின் மீது அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. விரிசல் விழுந்த சுவர்களில் ஏழ்மையின் கண்ணீர் வழிந்து…"

(நிறுத்து. அந்தச் சுவரில் வழிவது மேல்மாடிக் குழாய் ஒழுகல். குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் கண்ணீராகத் தெரிகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "மக்களாட்சி என்பது யாதெனில்…"

(இப்படித் தொடங்குகிறவர் கையில் மைக்கைக் கொடுத்தால் நாற்காலியெல்லாம் மடக்கி வண்டியில் ஏற்றும்வரை இறங்க மாட்டார். போகட்டும்.)

மூன்றாம் தொடக்கம்: உறுப்பினர் நான்காவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்.

இது பரவாயில்லை. நிற்கிறவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு அறிமுகம் செய்துவிடலாம். எதிர்க்கட்சி உறுப்பினர். ஐம்பதைத் தாண்டியவர். குரல் கணீரென்று இருக்கும், கட்சிக்கு அது சொத்து. முழங்கால்தான் அவருக்கே எதிர்க்கட்சி. அரசு கட்டிக் கொடுத்த இந்தக் குடியிருப்பில் லிப்ட் நின்று நெடுநாளாகிறது. 'பழுது நீக்கும் பணி நடைபெறுகிறது' என்று ஒட்டிய காகிதமே வெளுத்துப்போய், இப்போது அதையே பழுது பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆறாவது மாடியில் தையல்காரம்மா வீடு. கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலோரம் தையல் மிஷின், சுற்றிலும் வெட்டுத்துணி, கழுத்தில் அளவு நாடா.

"வாம்மா, வா. முதல்ல மூச்ச வாங்கிக்க. அப்புறம் வாக்குறுதி குடு."

உறுப்பினருக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. "எப்படிக்கா தெனம் ஏறி எறங்குறீங்க?"

"எங்க எறங்குறது? லிப்ட் நின்ன அன்னிக்கே நானும் நின்னாச்சு. முட்டி மடங்க மாட்டேங்குது. தச்ச துணி மட்டும் கயித்துல கட்டின வாளியில எறங்குது. அதுக்கு முட்டி இல்ல."

பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். தெருமுனையில் மகள் தையல்கடை போட்டிருக்கிறாள். தொழில் கற்றுக் கொடுத்த அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

"நல்லதுதானே அக்கா?"

"என்ன நல்லது? வர்றவங்க எல்லாம் படத்த நிமிர்ந்து பாத்துட்டு, 'பாவம், அம்மா எப்ப தவறினாங்க'ன்னு கேக்குறாங்களாம். ஒருத்தர் ரெண்டு நிமிஷம் மௌனமா வேற நின்னிருக்கார். நான் ஒரே ஒரு வாட்டி அந்தக் கடைக்கு நடந்து போகணும். போய், அந்தப் படத்துக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காரணும். அதுக்கு ஒரு லிப்ட் வேணும். வாங்கித் தா."

உறுப்பினர் வாக்களித்தார்.*

* வாக்கு கேட்டு வந்தபோது கொடுத்த வாக்கு வேறு. இது மாடி ஏறி, மூச்சு வாங்கிக் கொடுத்த வாக்கு. இதற்கு எடை அதிகம்.

3

அவையின் விதி எளிமையானது. உறுப்பினர் கேள்வி கேட்பார். அமைச்சர் பதில் சொல்லும்போது கேட்டவர் தன் இருக்கையில் இருக்க வேண்டும். இருந்தால், அமைச்சர் சொன்னது உறுதிமொழி. நிறைவேற்றியே தீர வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி காலாவதி, பதிலும் காற்றோடு போச்சு.

எதிர்க்கட்சிக்கும் ஒரு விதி உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கட்சித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் வெளிநடப்பு. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. வெளியே போய்த் தெரிந்துகொள்ளலாம்.

அன்று லிப்ட் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டுவசதி அமைச்சர் எழுந்தார். எந்தக் கேள்விக்கும் "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றே சொல்லிச் சொல்லி, அவருக்குப் பரிசீலனை என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. நம் உறுப்பினர் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தார். அமைச்சர் கோப்பைத் திறந்தார்.

ஏசி குளிரில் கட்சித் தலைவருக்கு ஒரு தும்மல் வந்தது. கண்ணாடி மங்கியது. துடைப்பதற்காகக் கழற்றினார்.

அவ்வளவுதான். கட்சி மொத்தமும் எழுந்துவிட்டது. "வெட்கக்கேடு! வெட்கக்கேடு!" நம் உறுப்பினரின் வாயும் தானாகவே சேர்ந்துகொண்டது, காலும் தானாகவே நடந்தது. பழக்கம் பொல்லாதது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தபோது, தன் கட்சியின் முதுகு மட்டுமே தெரிந்தது. தனியாக உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? அவரும் பின்னாலேயே ஓடினார்.

தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். "எதுக்குய்யா வெளிய வந்தோம்?"

"தெரியல. நல்லா இருந்துச்சு."

நிருபர்கள் மைக்கை நீட்டியதும் தலைவர் தயங்கவில்லை. வீடு, குடிநீர், மருத்துவம், முதியோர் உதவித்தொகை என்று அரசு தோற்ற துறைகளை வரிசையாகச் சொன்னார். (எல்லாமே உண்மைதான். தும்மலில் தொடங்கிய நியாயமும் நியாயம்தானே.)

அப்போதுதான் நம் உறுப்பினருக்குக் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. கைப்பை இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. பூனை மாதிரி உள்ளே போனார். இருக்கைக்கு அடியில் குனிந்தார். தலைக்கு மேலே அமைச்சரின் குரல் கேட்டது.

"…அந்தக் குடியிருப்புக்கு இந்த மாதத்துக்குள் புதிய லிப்ட் பொருத்தித் தரப்படும் என்று உறுதி கூறுகிறேன்."

பதறி நிமிர்ந்ததில் மேசை மண்டையில் நங்கென்று இடித்தது. "ஐயா! நான் இங்கதான் இருக்கேன்! கேட்டுட்டேன்! நன்றி!"

சபாநாயகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "உறுப்பினர் இருக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. இவர் இருக்கைக்கு அடியில் இருந்தார். கேள்வி காலாவதி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டார் என்பார்கள். அன்றைக்கு அதை அவையே பார்த்தது.

4

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பரிசீலனை ஏன் சரி என்றார்? நல்ல மனசு என்று எழுதிப் பார்த்தேன். என் மனைவி படித்துவிட்டு, "கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள். தேர்தல் வருகிறது என்று எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. கடைசியில் அமைச்சரையே கேட்டுவிட உறுப்பினரை அனுப்பினேன்.)

"நேத்து சரின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். எதிர்ல காலி நாற்காலி. காலி நாற்காலிகிட்ட சரின்னு சொல்றதுல என்னம்மா நட்டம்? பேப்பர்ல வந்துடுச்சு, 'அமைச்சர் உறுதி'ன்னு. அவைக்குறிப்புல வரல. ரெண்டு பக்கமும் எனக்கு லாபம்."

"மறுபடி கேப்பேன்."

"தாராளமா கேளுங்க. உங்க தலைவருக்குத் தும்மல் வராம பாத்துக்குங்க." மனிதர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

ஒப்புக்கொள்கிறேன், எனக்கு இந்த ஆளைப் பிடித்துவிட்டது. வில்லனாக எழுதத் தொடங்கியவர் இப்படிக் கேலி பேசிக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன்? ஆனாலும் பிடித்துப்போனவர் என்பதற்காக அவரை விட்டுவிட மாட்டேன்.

5

மறுபடி ஆறு மாடி. நடந்ததை உறுப்பினர் ஒன்றுவிடாமல் சொன்னார், மண்டை இடித்ததுவரை. தையல்காரம்மா அளவு நாடா நழுவி விழும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிச்சாச்சு. இப்ப கோவம் வருது."

"அக்கா…"

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம போச்சே. நீங்க கட்சியோட நாலு பேரு பாக்க கோவமா எழுந்து போறீங்க. போற எல்லாருக்கும் தரையோட வீடு. நான் எங்கம்மா வெளிநடப்பு பண்றது? எனக்கு வெளியவே இல்லையே."

உறுப்பினருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் எத்தனை முறை எழுந்து போயிருப்பார்! அதுதான் போராட்டம் என்றே நினைத்திருந்தார். எழுந்து போகத் தெரிந்த அளவுக்கு உட்காரத் தெரியவில்லையே என்று இருந்தது.

"இந்த வாட்டி உக்காரு," என்றார் தையல்காரம்மா. "யாரு எழுந்தாலும் நீ உக்காரு."

6

கேள்வி மறுபடி பட்டியலுக்கு வந்தது. அதே நாளில் முதியோர் உதவித்தொகையை நிறுத்தியதைக் கண்டித்து வெளிநடப்பு என்று கட்சி முடிவு செய்திருந்தது. இந்த முறை தும்மல் இல்லை, நிஜக் கோபம், நியாயமான கோபம். உறுப்பினர் கட்சித் தலைவரிடம் போனார்.

"தலைவரே, என் கேள்வி முடியட்டும். ரெண்டே நிமிஷம். அப்புறம் கண்ணாடிய கழட்டுங்க."

"கோவத்துக்கு ரெண்டு நிமிஷம் பொறுக்கத் தெரியாதும்மா. கேமரா அப்பதான் நம்ம பக்கம் திரும்பும்."

"அப்ப நான் உக்காந்துக்கிறேன்."

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் எழுந்து நீ மட்டும் உக்காந்தா, கட்சி பிளந்துடுச்சுன்னு எழுதுவான். அடுத்த தேர்தல்ல உனக்கு யாரு சீட்டு குடுப்பா? யோசிச்சுக்க."

யோசித்தார். எனக்கே பயமாக இருந்தது.

அவை கூடியது. கேள்வி வந்தது. அமைச்சர் எழுந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெட்கக்கேடு! வெட்கக்கேடு!" வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நம் உறுப்பினரின் கால் பழக்க தோஷத்தில் தானாகவே எழப் பார்த்தது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். வாயைக்கூட இறுக மூடிக்கொண்டார்.

காலி நாற்காலியிடம் சரி சொல்லத் தயாராக நிமிர்ந்த அமைச்சர், நடுவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது.

7

இங்கே முடிவு எழுத வேண்டும். எழுதினேன்.

முடிவு ஒன்று: அமைச்சர் சரி என்றார். லிப்ட் வந்தது. தையல்காரம்மா அதில் ஏறி, கீழே இறங்கி, மகள் கடையில்…

"இரு, இரு," என்றார் தையல்காரம்மா. "மூணு வரியில எறக்கிட்டியா? நீ எழுதி ஓடுற லிப்ட்ல நான் ஏற மாட்டேன்ப்பா. அடுத்த பக்கம் இல்லன்னா பாதியில நின்னுடும். மெக்கானிக் வந்தானா? கரண்ட் குடுத்தாங்களா? யாராவது கையெழுத்துப் போட்டாங்களா?"

முடிவு இரண்டு: "அரசின் பரிசீலனையில்…"

இதை நான் முடிப்பதற்குள் அவையில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் என் பக்கம் திரும்பினார். அமைச்சரைப் பார்க்கும் அதே பார்வை.

"எழுத்தாளருக்கு ஒரு கேள்வி. இந்த அம்மாவ ஆறாவது மாடியில வச்சது யாரு? அரசாங்கமா, நீங்களா?"

"கதைக்குத் தேவையா இருந்தது…"

"தரைத்தளத்துல எழுதியிருந்தா பேனா தேஞ்சிருக்குமா? சிரிப்பு வரணும்னு ஒரு மனுஷிய மாடியில ஏத்திட்டீங்க. ஏத்தினவருக்கு எறக்கிவிடுற பொறுப்பு இருக்கா இல்லையா?"

"அது வந்து… பரிசீலனையில்…"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அமைச்சர் என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தார், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் பார்ப்பது போல.

முடிவு மூன்று: வாசல்வரை போன கட்சித் தலைவர் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்திருப்பவரைக் கண்டார். மனம் மாறி…

(அடித்துவிட்டேன். மாறினால் சந்தோஷம்தான். ஆனால் அவர் கண்ணாடி இன்னும் கையில் இருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்றே அவருக்குத் தெரியாது.)

8

ஆகவே வாசகரே, நான் பதவி விலகுகிறேன். இனி ஆட்சி உங்களுடையது.

பொறுப்பை ஒப்படைக்கும்போது கையிருப்பைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா? அமைச்சர் நின்றுகொண்டிருக்கிறார், வாய் திறந்திருக்கிறது. சபாநாயகர் எட்டிப் பார்த்துவிட்டார்: உறுப்பினர் இருக்கையில்தான் இருக்கிறார், அடியில் இல்லை. கேள்வி உயிரோடு இருக்கிறது. அதை மட்டும் நான் எழுதிவிட்டேன், யாராலும் அடிக்க முடியாது. மீதி எதுவும் என் கையில் இல்லை. என்ன பதில் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உறுப்பினர் இப்போது உங்களைப் பார்க்கிறார்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரம்மா எழுந்து, தலை வாரி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்கிறார்.