மார்பில் ஒரு வெள்ளைக் கட்டம்

பிணவறையின் முன்னறையில், அப்பாவுக்கு வேறு சட்டை மாட்டுவதற்காகப் பொத்தான்களைக் கழற்றிய அக்கா, நெருப்பை மிதித்தவள் போலத் துள்ளி விலகினாள். மார்பெல்லாம் ஊதா. வலது கன்னத்திலும் அதே நிறம்.

"யாருடா அடிச்சது? உன் பொண்டாட்டியா? ஃபோன்ல தேனா ஒழுகுவாளே!"

"சத்தியமா இல்ல அண்ணி..." தம்பியின் மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

 காலை அஞ்சு மணிக்கு, கட்டிலில் மல்லாந்த நிலையில், தன் கையைப் பிடித்தபடி அப்பா போனதாகத்தான் தம்பி எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

உடலைத் துடைத்துக்கொண்டிருந்த பிணவறை ஊழியர் நிமிர்ந்தார். "அம்மா, இது அடி இல்ல. இதயம் நின்னுட்டா ரத்தம் தண்ணி மாதிரி பள்ளத்துக்கு இறங்கிடும். இறங்கின பக்கம் ஊதாவாகும், அழுந்தின இடம் மட்டும் வெளுத்து நிக்கும். பாக்கெட்டுல கண்ணாடிக்கூடு இருந்துச்சு போல, அந்த வெள்ளைக் கட்டம் பாருங்க. பதினெட்டு வருஷமா இதே வேலை. என்கிட்ட வந்தவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஓடிப்போய்த் தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டாள். "என் வாய்ல கொள்ளிய வைக்க! மன்னிச்சிரும்மா."

ஊழியர் தம்பியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மல்லாந்து கிடந்தவருக்கு முதுகுலதான் வரும் சார். இவர் ஆறு மணி நேரமாவது குப்புறக் கிடந்திருக்கார். பவுடர் போட்டு மறைச்சிடறேன், விடுங்க."

 நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, மாத்திரையைத் துப்பிவிட்டார் என்று அப்பாவோடு தம்பிக்குச் சண்டை. கொஞ்ச நேரத்தில் குளியலறைப் பக்கத்து நடையில் 'தொப்'பென்று சத்தம். 'ரோஷக்காரர்தானே, தானே எழுந்து வரட்டும்' என்று டிவி சத்தத்தைக் கூட்டினான். காலையில், மனைவி கண் விழிக்கும் முன், குளியலறை வாசலில் கிடந்தவரைத் தூக்கிக் கட்டிலில் மல்லாக்கப் போட்டான். மடங்கிய முழங்கை நிமிரவே இல்லை; போர்வையை இழுத்து மூடினான்.

அக்கா வந்து அவன் கையைப் பிடித்தாள். "நான் ஒரு பாவி, உன் வீட்டையே சந்தேகப்பட்டுட்டேன். கடைசி நிமிஷம்வரைக்கும் பக்கத்துல இருந்தியே, அது போதும்டா எனக்கு."

வாயைத் திறக்காமல் இருந்தால் பவுடர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த 'போதும்டா' அவனைக் குத்திக் கிழித்தது.

"நான் பக்கத்துல இல்லக்கா. ராத்திரியே விழுந்துட்டார். சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்து போகல."

அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அழவுமில்லை, திட்டவுமில்லை. அவன் கையை மட்டும் மெல்ல விட்டாள்.

"உன்னைக் கூப்பிட்டாராடா?"

"ஒரே ஒரு தடவை."